காலியாக இருந்த பக்கம்

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர் கூடைப்பந்து நடுவராகவும் இருந்தால் அதில் ஒரு சங்கடம் உண்டு. எந்த அரங்கத்தில் எந்த நடுவர் விசில் ஊதினாலும், தோற்றுக்கொண்டிருக்கும் பக்கத்திலிருந்து "கண்ணு தெரியலையா?" என்று ஒரு குரல் எழும். மற்ற நடுவர்களுக்கு அது அத்தோடு முடிந்துவிடும். இவருக்கு மட்டும் மேலே இரண்டு வரி சேர்ந்து வரும்.

"கடை நிறைய கண்ணாடி வச்சிருக்க, ஒண்ண எடுத்து நீயும் மாட்டிக்கயேன்யா."

"அதெல்லாம் விக்கறதுக்குப்பா, பாக்கறதுக்கு இல்ல."

அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கத்துகிறவர்களில் பாதிப் பேரின் கண்ணாடியை அவர்தான் வெட்டி, தேய்த்து, சட்டத்தில் பொருத்தியிருப்பார். யாருக்கு எந்தக் கண்ணில் எவ்வளவு குறை என்பதுகூடத் தெரியும். வீட்டுக்குப் போன பிறகு மனைவியிடம் மட்டும் சொல்வார். "இன்னிக்கு என்னைத் திட்டினவனுக்கு இடது கண்ணு மைனஸ் நாலு. கண்ணாடி போடாம அவன் உக்காந்த இடத்துலேருந்து பந்தே தெரிஞ்சிருக்காது."

கடை அவருடையது அல்ல. முன்பக்கம் முதலாளியின் மகள் நின்று வியாபாரம் பார்ப்பாள். பின்னறைதான் அவர் ராஜ்யம். தேய்க்கும் சக்கரம், சட்டத்தை இளக்கும் சூட்டுப் பெட்டி, எறும்புத் தலை அளவு திருகாணிகள் போட்டுவைத்த மூடி, ஒரு ஸ்டூல். கதவுக்குப் பின்னால் ஆணியில் நடுவரின் சாம்பல் நிறச் சட்டை தொங்கும். சனி, ஞாயிறு மாலைகளில் அந்தச் சட்டையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வாசலுக்கு வரும்போது, டயர் அண்ணன் ஸ்கூட்டரில் காத்துக்கொண்டிருப்பார்.

டயர் அண்ணன் பஸ் டிப்போவில் டயர் பிரிவில் இருந்தார். இவரைவிட ஐந்து வயது மூத்தவர். தோள் அகலமானவர். பெரிய டயரைத் தரையில் உருட்டிக்கொண்டே நடந்து வருவது, குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவது மாதிரி இருக்கும் என்று டிப்போவில் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக இவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் ஆட்டங்களுக்குப் போனார்கள். நடுவர் சங்கத்தில் ஆட்டங்களைப் பங்கு பிரிப்பவர்கள் இரண்டு பெயர் எழுத மாட்டார்கள். "ஜோடி" என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.

இரண்டு நடுவர்கள் என்றால் கணக்கு எளிது. ஒருவர் கூடைக்கு அடியில், கடைசிக் கோட்டுக்கு வெளியே நிற்பார். அவர் லீட். மற்றவர் பந்துக்குப் பின்னாலேயே வருவார். அவர் டிரெயில். பந்து மறுபக்கம் போனால் பின்னால் வந்தவர் முன்னால் ஓடிப் போய் லீட் ஆவார், லீட் டிரெயில் ஆவார். இப்படியே மாறி மாறி ஆட்டம் முழுவதும் ஓட வேண்டும். பத்து ஆட்டக்காரர்களுக்கு நான்கு கண்கள். எங்கே எது நடந்தாலும் இரண்டு பேரில் ஒருவர் பார்த்தாக வேண்டும். பார்க்காமல் போனதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே வேலை செய்தார்கள். டயர் அண்ணனின் இடது ஷூ மரத்தரையில் திரும்பும்போது கிறீச்சிடும். அந்தச் சத்தத்தை வைத்தே அவர் எங்கே நிற்கிறார் என்று இவருக்குத் தெரிந்துவிடும். விசிலும் அப்படித்தான். எல்லோரும் உள்ளே குண்டு இல்லாத புது விசிலுக்கு மாறிய பிறகும் அண்ணன் மட்டும் குண்டு போட்ட பழைய விசிலையே வைத்திருந்தார். எச்சில் ஊறினால் அது திக்கும். "பிர்ர்... பிர்ர்" என்று இரண்டு தரம் இழுத்துவிட்டுத்தான் முழுசாகக் கத்தும். மாதம் ஒருமுறை அதை வீட்டில் வெந்நீரில் போட்டு எடுப்பார். அந்தப் பாத்திரத்தை அவர் மனைவி பாலுக்குத் தொடவிட மாட்டார்.

ஆட்டம் முடிந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது அவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். இவர் பார்த்ததை அவரும் பார்த்திருப்பார். அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? வீட்டு விஷயம், டிப்போ விஷயம், பெட்ரோல் விலை, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்வது, இப்படியே தெருமுனை வந்துவிடும். அந்த வருஷங்களை நினைத்தால் இவருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆட்டம் எதுவும் இல்லை. மழைக்கு ஒதுங்கிய கடை வாசல்களும், அரங்கத்துக்குப் பின்னால் ஒரே டம்ளரை மாற்றி மாற்றிக் குடித்த டீயும், முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டை காற்றில் உப்பி முகத்தில் அடிப்பதும்தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் இறங்கும் குழியின் படியில் அண்ணனுக்குக் கால் வழுக்கியது. வலது முட்டி. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். திரும்பி வந்தபோது நடை சரியாகத்தான் இருந்தது. ஓட்டத்தில்தான் வித்தியாசம். நேராக ஓடும்போது தெரியாது. சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கம் பாயும்போது அரை நொடி தாமதம். கூடைப்பந்தில் அரை நொடிக்குள் பந்து கூடைக்கு வந்துவிடும்.

முதல் நாளே இவருக்குத் தெரிந்துவிட்டது. ஷூவின் கிறீச் சத்தம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை.

அவர் எதுவும் கேட்கவில்லை. அண்ணனும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஸ்கூட்டரை இவர் ஓட்ட ஆரம்பித்தார். அண்ணன் பின்னால் உட்கார்ந்து வலது காலை நீட்டி வைத்துக்கொண்டார். ஆட்டத்திலும் இவர் அதையேதான் செய்தார் என்று சொல்ல வேண்டும். பந்து வேகமாக மறுபக்கம் போனால், தன் ஓரக் கோட்டை விட்டுவிட்டு நடுவாக ஓடி வந்து, அண்ணன் போய்ச் சேர்வதற்குள் அவர் கூடைக்கு அடியில் நடப்பதையும் தானே பார்த்துக்கொள்வார். தேவைப்பட்டால் விசிலும் ஊதுவார். தன் கோட்டில் எதுவும் நடக்காமல் இருக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒரு வேண்டுதல் ஓடும். பெரும்பாலும் நடக்காது. நடந்தால், பார்க்காமல் போனதில் ஒன்று கூடும். அவ்வளவுதான். பத்து வருஷத்தில் அது பழக்கமாகி, பழக்கம் ஓட்டமாகி, அதைச் செய்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

அப்போதுதான் மூன்று பேர் முறை வந்தது.

சங்கத்துக் கூட்டத்தில் அதை விளக்கியவரை எல்லோரும் சர்வேயர் என்பார்கள். நிலம் அளக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பழைய நடுவர். கரும்பலகையில் மைதானத்தை வரைந்து மூன்று நிறத்தில் பங்கு பிரித்தார். லீட் உண்டு, டிரெயில் உண்டு. அவர்கள் இருவரும் ஒரு பக்கம். எதிர்ப்பக்க ஓரக் கோட்டில் தனியாக மூன்றாமவர் நிற்பார், அவர் சென்டர். பந்து தன் பங்கில் இல்லாதபோது பந்தைப் பார்க்கக் கூடாது. தன் பங்கில் இருப்பவர்களைத்தான் பார்க்க வேண்டும்.

"பந்தப் பாக்காம வேற எதப் பாக்கறது?" என்றார் ஒருவர்.

"பந்துக்குக் கை இருக்கா, கால் இருக்கா? அது யாரையும் இடிக்காது. இடிக்கறவனைப் பாருங்க."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இருக்கற ரெண்டு பேரத் திட்டவே ஜனங்களுக்கு நேரம் பத்தல. மூணாவது ஆள் வேற."

"பங்கு போட்டுத் திட்டட்டும். ஆளுக்குக் கொஞ்சமா வரும்" என்றார் டயர் அண்ணன். சபை சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் சர்வேயர் விஷயத்துக்கு வந்தார். சீசன் முடிவதற்குள் ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று ஆட்டம் கொடுப்பார். மேல்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். மூன்று பேர் முறைக்கு ஒத்துவந்தவர்கள் அடுத்த சீசனும் விசிலோடு நிற்கலாம். மற்றவர்கள் மேசைக்குப் போய்ப் புள்ளி எழுதலாம், மணி அடிக்கலாம்.

ஜோடிக்கு மூன்றாவதாக வந்தவள் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருப்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாளே டயர் அண்ணன் "வாங்க டாக்டரம்மா" என்றார்.

"டாக்டர் இல்லண்ணே. அவங்க பல்லப் புடுங்குவாங்க, நான் பக்கத்துல நின்னு எச்சில் உறியற குழாயைப் பிடிச்சிக்குவேன்."

"அப்போ என் விசிலுக்குத் தேவையான ஆளுதான்."

அவள் சிரித்துவிட்டு இவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது சார். காலேஜ் டீம்ல ஆடினேன். அரையிறுதியில அஞ்சாவது ஃபவுல் குடுத்து வெளிய அனுப்பினீங்க."

"ஃபவுல்னா அனுப்பித்தானே ஆகணும்மா."

"ஃபவுல்தான் சார். ஆனா செஞ்சது நான் இல்ல, என் பக்கத்துல இருந்தவ. அவ இப்போ என் நாத்தனார். அதனால விட்டுட்டேன்."

டயர் அண்ணன் இவர் தோளில் தட்டி, "பாத்தியா, உன் விசில் ஒரு குடும்பத்தையே சேத்து வச்சிருக்கு" என்றார்.

முதல் ஆட்டம் ஆலை அணிக்கும் கல்லூரி அணிக்கும். தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இவருக்கு விளையாட்டு மைதானம் அந்நியமாகிவிட்டது. சென்டராக நிற்கும்போது பந்து எதிர்ப்பக்கத்தில் எங்கோ தட்டிக்கொண்டிருக்கும். இவர் முன்னால் இரண்டு பேர் சும்மா நின்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க வேண்டும். விருந்தில் எல்லோரும் கூடிப் பேசும் அறையை விட்டு, செருப்புகளைக் காவல் காக்க வாசலில் நிற்பது மாதிரி இருந்தது.

இரண்டாம் பகுதியில் ஆலை அணி பந்தைப் பறித்துக்கொண்டு பாய்ந்தது. டயர் அண்ணன் லீட் ஆக முன்னால் ஓட வேண்டிய முறை. கிறீச் சத்தம் வரவில்லை. இவர் கால்கள் தாமாகவே கோட்டை விட்டு நடுவுக்கு வந்தன. கண் அண்ணனின் கூடைக்குப் போயிற்று. அங்கே எதுவும் நடக்கவில்லை. பந்து அழகாக உள்ளே விழுந்தது.

இவர் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

யார் முழங்கை, எப்படி என்று மூன்று நடுவர்களுக்கும் தெரியாது. இடைவேளையில் டாக்டரம்மா அவனை விளக்குக்கு அடியில் உட்கார வைத்து, உதட்டைத் தூக்கிப் பல் ஒவ்வொன்றாக விரலால் அசைத்துப் பார்த்தாள். "பல் ஆடல. உதடுதான் கிழிஞ்சிருக்கு." கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டாள். "அந்தப் பக்கம் யாரு?"

இவர் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

இரண்டாவது ஆட்டத்தில் ரத்தம் இல்லை. மற்றபடி அதே கதை. ஆட்டம் முடிந்ததும் சர்வேயர் மேல்வரிசையிலிருந்து இறங்கி, மற்ற இருவரும் உடை மாற்றப் போகும்வரை காத்திருந்து, இவரை மட்டும் நிறுத்தினார்.

"உங்க பக்கம் யார் நின்னா?"

"நான்தான் சார்."

"நீங்க நிக்கல. அதான் கேக்கறேன்."

சர்வேயர் விரலால் காற்றில் ஒரு கட்டம் போட்டார்.

"ஒரே மனையில ரெண்டு பேர் வேலி போட்டா தகராறு. சரி. யாருமே வேலி போடாத மனை இருந்தா அதுவும் தகராறுதான். நீங்க ரெண்டு ஆட்டத்துலயும் உங்க மனைய விட்டுட்டு அவர் மனையில போய் நிக்கறீங்க. எதுக்கு?"

"பழக்கம் சார்."

"என்ன பழக்கம்? எங்கேருந்து வந்துது?"

சொல்லியிருக்கலாம். அண்ணனின் முட்டியிலிருந்து வந்தது என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் சர்வேயர் அடுத்து யாரைப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். அண்ணனுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். இந்த விசிலும் போனால் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த மனிதர் என்ன செய்வார்? பத்து வருஷம் மூடி வைத்ததை ஒரு கேள்விக்காகத் திறப்பதா?

"பழக்கம்தான் சார்" என்றார் மறுபடி.

"இன்னும் ஒரு ஆட்டம் இருக்கு. அதுலயும் இப்படின்னா மேசைக்கு வந்துடுங்க. மணி அடிக்கவும் ஆள் வேணும்."

வீட்டில் அவர் சாப்பாட்டு மேசையை ஓரம் தள்ளி, சமையலறை வாசலைக் கூடையாக வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார். ஒரு நாற்காலி லீட். ஒரு நாற்காலி டிரெயில். தான் சென்டர். மனைவி துவைத்த துணிகளை வாளியில் தூக்கிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"நான் யாரு இப்போ? பந்தா?"

"நீ ஆலை டீமு. வேகமா போ."

"இதுக்கு மேல வேகமா போனா துணியெல்லாம் தரையில விழும்."

மனைவி இரண்டு தரம் போய் வந்தார். மூன்றாம் தரம் வாளியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில நீங்க அந்த நாற்காலிகிட்டதான் போய் நிக்கறீங்க. அது அண்ணன்தானே?"

"லீட்."

"அண்ணன்தான். சங்கத்து குரூப் போட்டோ அத்தனையிலயும் பாருங்க. உங்கள எங்க நிறுத்தினாலும் தோள் அவர் பக்கம் சாஞ்சிருக்கும். போட்டோக்காரன் ஒருதடவை கத்தினானே, ஞாபகம் இல்லையா?"

ஞாபகம் இருந்தது. இவர் நாற்காலிகளை இழுத்து மேசைக்கு அடியில் தள்ளினார்.

மறுநாள் மத்தியானம் கடைப் பின்னறைக் கதவை டயர் அண்ணன் திறந்தார். வேலை நாளில் அவர் கடைக்கு வந்ததே கிடையாது. டிப்போ உடுப்பில் இருந்தார். கையில் அவருடைய படிக்கும் கண்ணாடி.

"காதுக்குப் போற கம்பி ஆடுது. பாரு."

இவர் வாங்கி விளக்குக்கு அடியில் பிடித்தார். திருகாணியின் தலையில் புதுக் கீறல் பளபளத்தது. "தானா லூசாகலண்ணே. யாரோ கத்தி முனையால கழட்டியிருக்காங்க."

"எந்தப் படுபாவியோ." அண்ணன் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, வலது காலை நீட்டிக்கொண்டார். "சர்வேயர் உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல."

"மேசைக்கு வரச் சொன்னாரா?"

இவர் சின்னத் திருப்புளியைத் தேடுவது போல மூடியைக் கிளறினார்.

"நீ என்ன சொன்ன?"

"பழக்கம்னு சொன்னேன்."

"நல்லா சொன்ன போ." அண்ணன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "என் கால் விஷயம் அவருக்குத் தெரியும். மூணு பேர் முறைன்னு அறிவிச்ச வாரமே நான் போய்ச் சொல்லிட்டேன். வேணாம்னா நின்னுக்கறேன்னு சொன்னேன். அவர் சிரிக்கறாரு. மூணு பேர் எதுக்கு வராங்கன்னு நினைக்கற, ஆளுக்கு ஓட்டம் குறையத்தான் அப்படின்னாரு."

திருகாணி இவர் விரலிலிருந்து நழுவி மேசையில் உருண்டது. இருவரும் அது நிற்கும்வரை பார்த்தார்கள்.

"என்கிட்ட சொல்லல நீங்க."

"நீ கேக்கல. பத்து வருஷமா கேக்கல."

"அப்போ... தெரியுமா உங்களுக்கு? நான் உங்க பக்கம் வந்து பாக்கறது?"

"தெரியாம? என் கூடைக்கு அடியில உன் விசில் கேக்குது. எனக்குப் போனது முட்டிடா, காது இல்ல." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ அது வேண்டியிருந்துது. நீ வரலைன்னா நான் அன்னிக்கே வீட்ல உக்காந்திருப்பேன். அதனால வாய மூடிக்கிட்டு இருந்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். சொல்ல வரல."

"அதெல்லாம் எதுக்குண்ணே."

"ஆனா இப்போ அது வேண்டாம். மூணு பேர் நிக்கும்போது நான் பாதி தூரம் ஓடினாப் போதும். கோணத்துலேருந்தே எல்லாம் தெரியுது. முட்டி வலிக்கறதே இல்ல. உனக்குத்தான் அது தெரியல. நான் நல்லா நடந்து போயிட்டிருக்கேன், நீ இன்னும் என்னைத் தூக்கிக்கிட்டு ஓடற. அந்தப் பையன் உதடு கிழிஞ்சு உக்காந்திருக்கான்."

இவர் கண்ணாடியை எடுத்து திருகாணியை மறுபடி பொருத்தினார். முடுக்கினார். கம்பியை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது. பஞ்சால் இரண்டு பக்கமும் துடைத்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. பாரத்தை இறக்கி வைத்தவருக்கு வர வேண்டிய நிம்மதி அவருக்கு வரவில்லை. கை காலியாகிவிட்ட மாதிரி இருந்தது.

"என் பக்கம் வராத" என்றார் அண்ணன் எழுந்துகொண்டே. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "நீ மேசைக்குப் போயிட்டா நான் எந்த ஸ்கூட்டர்ல வீட்டுக்குப் போறது?"

கடைசி ஆட்டத்துக்கு அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. மேல்வரிசையில் சர்வேயர், பக்கத்தில் குடை. ஆரம்பத்திலேயே யாரோ கண்ணாடிக் கடையை இழுத்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் டாக்டரம்மா இருவரிடமும் வந்து, "யார் எங்க நிக்கறோம்னு ஒருதடவை சொல்லிக்கலாமா?" என்றாள். சொல்லிக்கொண்டார்கள். இருபது வருஷத்தில் அவர்கள் இருவரும் அதை வாயால் சொல்லிக்கொண்டதே இல்லை.

முதல் பாதி முழுவதும் இவர் தன் கோட்டின் மேலேயே நின்றார். கால் இழுத்தபோதெல்லாம் கோட்டின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டார். தன் முன்னால் நிற்கிறவர்களைப் பார்க்கக் கற்றுக்கொண்டபோது அங்கேயும் ஓர் ஆட்டம் நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு நெட்டையான ஆட்டக்காரர்கள், பந்து வராத நேரத்தில், ஒருவர் முழங்கையை ஒருவர் பூட்டிக்கொண்டு மாடு மாதிரி முட்டிக்கொண்டிருந்தார்கள். "கையை எடு. ரெண்டு பேரும்" என்றார். எடுத்தார்கள். ஒருவன் கொஞ்சம் வெட்கப்பட்டான். இதற்கு முன் இப்படி ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்ததில்லை போலிருக்கிறது.

கடைசிப் பகுதி. புள்ளிகள் கிட்டத்தட்டச் சமம். பந்து பறிபோயிற்று. எதிர்ப்பக்க ஓரமாக ஒருவன் அதைத் தட்டிக்கொண்டு பறந்தான். இன்னொருவன் துரத்தினான். டயர் அண்ணன் லீட் ஆகும் முறை. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. இவர் காது கிறீச் சத்தத்துக்குக் காத்தது. சத்தம் தாமதமாக, அரை நொடி கழித்து வந்தது.

இவர் உடம்பு முழுவதும் நடுவுக்குச் சாய்ந்தது. ஒரு காலை எடுத்தும் விட்டார்.

அதை அதே கோட்டில் திரும்ப வைத்தார். தன் பக்கமாகவே ஓடினார். அந்த நெட்டையர்கள் இருவரும் கூடையை நோக்கி இவர் பக்கம் ஓடிவந்தார்கள். முன்னால் போனவனின் சட்டை மேல் பின்னவன் கை நீண்டது. இவர் அந்தக் கையை மட்டும் பார்த்தார். அது சட்டையைத் தொட்டது. அவன் தலையைத் திருப்பி இவரைப் பார்த்தான். கை மடங்கிக் கீழே போயிற்று.

அந்த நேரத்தில்தான் மறுபக்கத்திலிருந்து விசில் கேட்டது. பிர்ர், பிர்ர் என்று திக்கிவிட்டுப் பெரிதாகக் கத்தியது.

எதற்கு என்று இவருக்குத் தெரியாது. யார் மேல் என்றும் தெரியாது. திரும்பிப் பார்த்தார். டயர் அண்ணன் கூடைக்கு அடியில் இல்லை. நாலைந்து எட்டு தள்ளி, ஓரத்தில் கோணத்தில் நின்றார். ஃபவுல் என்று காட்ட ஒரு கை மடங்கிய விரல்களோடு நேர் மேலே இருந்தது. முகம் சிவந்து, கண் ஆட்டக்காரனை விட்டு அசையாமல் இருந்தது. வேலை செய்யும்போது அந்த முகம் எப்படி இருக்கும் என்று இவர் முன்பு பார்த்ததே இல்லை. இத்தனை காலமும் இருவரும் ஒரே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைப் பக்கம் நடந்து போகும்போது அண்ணன் துளியும் நொண்டவில்லை.

அரங்கத்தில் பாதி கத்தியது. பாதி கைதட்டியது. இவர் தன் பக்கத்து நெட்டையனிடம், "கை அங்கேயே இருந்திருந்தா நானும் ஊதியிருப்பேன்" என்றார்.

"தெரியும் சார். அதான் எடுத்தேன்."

ஆட்டம் முடிந்ததும் சர்வேயர் இறங்கி வந்தார். டாக்டரம்மாவிடம் இரண்டு வார்த்தை, அண்ணனிடம் ஒரு தலையசைப்பு. இவர் முன்னால் வந்ததும் குடையைக் கை மாற்றிக்கொண்டார்.

"இன்னிக்கு அந்த மனையில ஆள் இருந்தாங்க."

"ஆமா சார்."

"அடுத்த சீசனும் இருக்கட்டும்."

டாக்டரம்மா தன் வண்டியில் முன்னால் போனாள். போகிற போக்கில், "அண்ணே, விசிலைக் கொண்டாங்க, எங்க ஆஸ்பத்திரியில கிருமி கொல்ற மெஷின்ல போட்டு எடுத்துத் தரேன். அக்காவுக்கு ஒரு பாத்திரம் மிச்சமாகும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கூட்டரை இவர் கிளப்பினார். அண்ணன் பின்னால் ஏறி வழக்கம் போல வலது காலை நீட்டப் போனவர், என்ன நினைத்தாரோ, மடக்கியே வைத்துக்கொண்டார். தெரு விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. அரங்கத்துச் சுவரைத் தாண்டியதும் இவர் கூப்பிட்டார்.

"அண்ணே."

"ம்."

"அந்த ஃபவுலு. என்ன அது?"

"நீ பாக்கலையா?"

"பாக்கல."

"நிஜமாவே பாக்கல?"

"என் பக்கம் பாத்துக்கிட்டிருந்தேன்."

அண்ணன் ஒரு தரம் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "கேளு. அந்தத் துரத்திக்கிட்டு வந்தான்ல, சுருட்டை முடி, அவன் முதல்ல பந்துக்குத்தான் கை போட்டான். சுத்தமா. நான் ஊதல. ஜனங்க ஊது ஊதுன்னு கத்தறாங்க, நான் ஊதல. ரெண்டாவது எட்டுலதான், பாரு, இடுப்பால..."

இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். நேரே போயிருந்தால் வீடு சீக்கிரம் வந்துவிடும். அடுத்த முனையில் திரும்பி, சுற்றிப் போகும் தெருவில் விட்டார். அங்கே இல்லாதவருக்குச் சொல்வது போல, அண்ணன் ஒவ்வொரு காலடியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.